வாகரைப் பெட்டிக்கு ஒரு தெர்மோஸ்டாட்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த குஞ்சு பொரிப்பகத்திலிருந்து இளம் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் எனது கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். களஞ்சியத்தைத் துப்புரவு செய்தபோது கிடைத்ததாம். பெரிய பிஸ்கட் அளவில் வட்டமான பித்தளைத் தகடு, நடுவில் ஒரு சிறு குமிழ். “இது என்ன சேர், எறியலாமா?” என்று கேட்டிருந்தார். எறியலாம் என்று பதில் போட்டேன். அங்கு இப்போதுள்ள இயந்திரங்கள் சூடு கூடினால் பொறுப்பாளருக்குத் தாமே செய்தி அனுப்புகின்றன. அந்தத் தகட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

அடுத்த நாள் அவரே அழைத்தார். அது எப்படி வேலை செய்தது என்று எழுதித் தர முடியுமா, ஊழியர் நலன்புரிச் சங்க மலரில் போடலாம் என்றார். எழுதுவது எனக்கு இப்போது களைப்பான வேலை. சொல்ல வேண்டியவை பல இருந்தாலும் ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தகட்டை நாங்கள் கப்சூல் என்போம். இரண்டு மெல்லிய பித்தளைத் தகடுகளை விளிம்பில் ஒட்டி, உள்ளே சில துளி ஈதர் விட்டு மூடியிருப்பார்கள். சூடு ஏறினால் ஈதர் விரியும், கப்சூல் உப்பும். சூடு இறங்கினால் சுருங்கும். மண்ணெண்ணெயில் இயங்கும் பொரிப்பெட்டியில் அது முட்டைகளுக்குச் சற்று மேலே தொங்கும். உப்பும்போது ஒரு கம்பியை மேலே தள்ளும். கம்பி ஒரு நெம்புகோலைத் தூக்கும். நெம்புகோலின் மறுமுனை, பெட்டியின் பக்கத்தில் எரியும் லாம்பின் சிமினி மூடியைத் திறக்கும். மிஞ்சிய சூடு வெளியே போய்விடும். மின்சாரமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். அந்தக் காலத்தில் எங்கள் தெர்மோஸ்டாட் இதுதான்.

நான் மின்வேலை படித்தவன். வேறு வேலை கிடைக்காததால் பொரிப்பகத்துக்குப் போனேன். முதல் சில வருடங்கள் கம்பி இழுத்தேன், தட்டுக் கழுவினேன், ஜெனரேற்றரைப் பார்த்தேன். அதற்கு மேல் எழுத அதில் எதுவுமில்லை. தொழில் என்று எதையாவது நான் கற்றது றெஜி பாஸிடம்தான். கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்று அழைப்போம். பராமரிப்புப் பகுதிக்கு அவர்தான் தலைவர். மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்தவர். எல்லோரையும் ‘மேன்’ என்று கூப்பிடுவார், பெண்களையும்கூட. அழுத்திய சட்டையோடு வந்து அதே மடிப்போடு வீட்டுக்குப் போவார். கையில் எண்ணெய் படும், சட்டையில் படாது.

பழுது என்று அவரிடம் போனால் “என்ன?” என்று கேட்கமாட்டார். “எப்ப?” என்று கேட்பார். எப்போது நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, கண்டவர் யார், எப்போது கண்டார். அதற்கெல்லாம் பதில் இல்லையென்றால் தனது வேலைக்குத் திரும்பிவிடுவார். இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஒரு பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால், கழற்றியதை எறிய விடமாட்டார். அதைச் சோதிக்க வேண்டும். “பழசு நல்லா வேலை செய்தா, நீ ஒண்டும் திருத்தயில்ல மேன். சாமானை மாத்தினாய், அவ்வளவுதான்” என்பார். எங்களில் பலருக்கு இது எரிச்சலாக இருந்தது. வேலை முடிந்த பிறகு யாருக்குத்தான் பழைய சாமானோடு மினக்கெட விருப்பம்?

சுனாமியில் கடல் வந்த காலையில் பொரிப்பகத்தில் இரண்டு பேர்தான் கடமையில் இருந்தார்கள். இருவரும் கூரையில் ஏறித் தப்பினார்கள். அந்தக் கட்டடம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருந்தது. தண்ணீர் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனது. நான் மூன்றாம் நாள் போனேன். முட்டைத் தட்டுகள் வேலிக் கம்பியில் தொங்கின. ஜெனரேற்றருக்குள் மணல். மின் இயந்திரங்களின் இணைப்புகள் எல்லாம் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தன. மணம் பற்றி எழுத விரும்பவில்லை.

பாஸின் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. வீடு இல்லை. அவருடைய மனைவியை இரண்டு நாள் தேடி எடுத்து அடக்கம் செய்திருந்தார்கள். நாங்கள் அவரை எதிர்பார்க்கவில்லை. ஒரு காலையில் அவர் யாரோ கொடுத்த, அளவில்லாத சட்டையோடு கிணற்றடியில் உட்கார்ந்து கப்சூல்களை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். மின் சாமான் எல்லாம் போய்விட்டது, மூடி ஒட்டிய பித்தளை மட்டும் தப்பியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுப் பார்த்தார். உப்பினால் வலது பக்கம், உப்பாவிட்டால் இடது பக்கம்.

“பாஸ், வீட்ட போங்க. நாங்க பாக்கிறம்” என்றேன்.

“எந்த வீட்ட மேன்?” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. விபரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினேன்.

அப்படித் தப்பிய கப்சூல்களைக் கொண்டு பாஸ் சில வருடங்களில் பல மண்ணெண்ணெய்ப் பெட்டிகள் செய்தார். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கு ஒரு வாழ்வாதாரத் திட்டத்தின் மூலம் அவை போயின. அவற்றில் ஒன்று வாகரைப் பக்கத்தில் ஒரு மீள்குடியேற்றத்துக்குப் போனது. யுத்தத்தில் முழு ஊரும் ஓடி, பிறகு திரும்பி வந்தவர்கள் அவர்கள். வந்தபோது கூரையும் இல்லை, கோழியும் இல்லை. அடைகாக்க ஒரு பேடுகூட ஊரில் இல்லாததால்தான் பெட்டி தேவைப்பட்டது.

பெட்டிக்குப் பொறுப்பு யோகம் என்ற பெண். அவருடைய குடிசைக்கு மட்டும் சீமெந்துத் தரை இருந்ததால் பெட்டி அங்கே வைக்கப்பட்டது. மண் தரையில் நெம்புகோல் நேராக நிற்காது. பகலில் பக்கத்து வீட்டு மாலா பார்ப்பார், பொழுது சாய்ந்தால் யோகம் பார்ப்பார். முதல் தடவை வைத்த முட்டைகளில் ஒன்றும் பொரிக்கவில்லை. இரண்டாம் தடவைக்குப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டார்கள். யோகமே பஸ்சில் சித்தாண்டிக்குப் போய், வீடு வீடாக நாட்டுக்கோழி முட்டை சேர்த்து, உமி நிரப்பிய ஓலைக் கடகத்தில் அடுக்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இதுவும் பிழைத்தால் பெட்டியை வேறு கிராமத்துக்குக் கொடுப்போம் என்று திட்ட அலுவலர் சொல்லியிருந்தார். யோகத்தின் பயம் பெட்டியைப் பற்றி மட்டுமல்ல. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய முட்டையைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் கேட்டவர் அவர்.

முட்டை வைத்துப் பத்து நாள் சென்றபின் தொலைபேசி வந்தது. வடக்கே யுத்தத்தின் கடைசி வாரங்கள் அவை.

“விடியக்குள்ள பெட்டி குளிந்து கிடக்கு அண்ணன்” என்றார் யோகம். “முட்டையத் தொட்டாக் கல்லுமாதிரி. மறுகா வெயில் ஏறக்குள்ள கொதிக்குது. உங்கட சாமானுக்கு என்ன விசரா?”

பாஸிடம் சொன்னேன். “எப்ப?” என்றார். விடியற்காலை என்றேன்.

“கப்சூல் களைச்சுப்போச்சு மேன். திறக்கவும் பஞ்சி, மூடவும் பஞ்சி. புதுசப் போடு. சூட்டுக்கு விட்டிராத, சூடு கொண்டு போடும். குளிர் பிடிச்சா பொரிக்கச் சுணங்கும், அவ்வளவுதான்.”

இப்போது எழுதும்போது தெரிகிறது, நான் சொன்ன பதிலில் ஓர் ஓட்டை இருந்தது. விடியற்காலை என்பது கண்ட நேரம், நடந்த நேரம் அல்ல. பாஸும் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

வாகரைப் பாதையில் பற்றரி, வயர், மின் சாமான் எதுவும் கொண்டுபோக முடியாத காலம். கப்சூலில் வயர் இல்லை. ஆனாலும் சோதனைச் சாவடியில் அதைக் கண்டதும் எல்லோரையும் பஸ்சை விட்டு இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவர் அதைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே திரவம் அசையும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். முகம் மாறியது. பஸ்சிலிருந்த எல்லோரும் என்னிடமிருந்து இரண்டடி விலகி நின்றார்கள்.

எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். ‘பித்தர’ என்றேன், முட்டை. கையை இறக்கைபோல் மடித்து, அடைகாக்கும் கோழிபோல் நின்று காட்டினேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கப்சூலைக் கேட்டு வாங்கி, சட்டைக்குள் விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சிறிது நேரத்தில் எடுத்துக் காட்டினேன். கப்சூலுக்கு வயிறு வைத்திருந்தது. ஊதினேன், குழிந்தது. சிப்பாய் அதை வாங்கித் தனது கக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே எடுத்து, உப்பியதைக் கண்டு, மற்றச் சிப்பாயைக் கூப்பிட்டார். அவரும் வைத்துப் பார்த்தார். கடைசியில் என் கையில் தந்து போகச் சொன்னார்கள். பஸ்சில் பக்கத்தில் இருந்தவர், “தம்பி, அவன் கக்கத்தில வச்சதை முட்டைக்கு மேல வைக்கப் போறயளா? கழுவிப்போட்டு வைங்க” என்றார்.

முட்டை உள்ளே இருக்கும்போது கப்சூலை மாற்றுவது அவசரமாகவும் நிதானமாகவும் செய்ய வேண்டிய வேலை. முதலில் லாம்பைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி கட்டுப்பாடில்லாமல் கிடக்கும் நேரத்தில் சூடு ஏறிவிடும். முட்டைகளைக் கடகத்தில் அடுக்கிப் போர்வையால் மூடினோம். அடைகாலத்தில் பாதி கடந்த முட்டை தானும் கொஞ்சம் சூடு விடும், போர்வைக்குள் பயமில்லை. பழைய கப்சூலைக் கழற்றி, புதியதன் குமிழைக் கம்பியின் நுனிக்கு நேராகப் பிடித்துத் திருகினேன். கம்பி சாய்ந்தால் எல்லாம் சாயும். வெப்பமானியை முட்டையின் மேற்புறத்தோடு மட்டமாக வைத்தேன். லாம்பைக் கூட்டி, நூற்றிரண்டு பாகை பாரன்ஹீட்டுக்கு வரும் வரை காத்திருந்து, அந்தச் சூட்டில் சிமினி மூடி ஒரு தீப்பெட்டிக் குச்சியின் தடிப்பு அளவுக்கு எழும்பும்படி நெம்புகோலின் சுரையைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். திருப்பி, காத்திருந்து, மறுபடி திருப்பினேன். அது பொறுமையைத் தின்னும் வேலை. மாலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடிக்கும் முன் ஆறிவிட்டது.

முட்டைகளைத் திரும்ப அடுக்கிய பிறகு, பாஸின் வழக்கப்படி, பழைய கப்சூலை ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டேன். அது உடனே உப்பியது. ஆறிய தண்ணீரில் போட்டேன், உடனே சுருங்கியது. மூன்று தடவை பார்த்தேன். அதில் ஒரு களைப்பும் இல்லை. பூட்டியதைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது.

பழுது வேறெங்கோ என்பதால் பின்னேரப் பஸ்சை விட்டுவிட்டேன். கோயில் மடத்தில் படுக்க இடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து யோகத்தின் வாசலில் உட்கார்ந்தேன். பெட்டி எனது கண் பார்வையில் இருந்தது. யோகம் என்னோடு பேசிக்கொண்டே மாலாவோடு மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார்.

“சித்தாண்டியில ஒரு மனிசி, முட்டையக் கையில தந்துபோட்டு அழுகுது அண்ணன், ஏதோ பொம்பிளப் புள்ளயக் கட்டிக் குடுக்கிறமாதிரி...”

பிரதான வீதியில் ஒரு வாகனத்தின் சத்தம் கேட்டது. வீதி வேலைக்குக் கல் ஏற்றி, பின்னேரம் தோறும் போகும் லொறி. யோகம் பேச்சை நிறுத்தவில்லை. “...நல்லாப் பாத்துக்கொள்ளு மகள் எண்டு” என்று சொல்லிக்கொண்டே எழும்பி, உள்ளே போய், குனிந்து, லாம்பின் திரித் திருகியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வந்து உட்கார்ந்து கத்தியை எடுத்தார். “நான் சொன்னன், ஓம் ஆச்சி, பேறுகாலம் எங்கடதான் எண்டு.” மாலா சிரித்தார். லொறி போய்விட்டது.

“யோகம், இப்ப என்ன செய்தீங்க?”

“என்ன செய்தன்? உங்களோட கதைச்சுக்கொண்டிருக்கன்.”

“லாம்பக் குறைச்சீங்க.”

“நானா?”

“ஓம்கா, நீதான்” என்றார் மாலா. “பின்னேரத்தில குறைப்பாய்தானே. பூச்சி வருது எண்டாக்கும் எண்டு நினைச்சன்.”

யோகம் எழுந்து போய்ப் பார்த்தார். சுடர் நீலமாக, திரியின் விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுக்கு அது அணைந்த மாதிரித்தான். பெட்டி தடித்த பலகை, மெதுவாகத்தான் குளிரும். விடியும்போது குளிர்ந்திருக்கும். காலையில் வரும் மாலா, இரவில் யோகம் திரும்பக் கூட்டியிருப்பார், எண்ணெய்தான் வற்றிவிட்டது என்று நினைத்து நிரப்பி, குளிர்ந்ததற்கு ஈடாகத் திரியை வழக்கத்தைவிடத் தூக்கிவிடுவார். வெயில் ஏறும்போது கொதிக்கும். இடையில் கப்சூல் தனது வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

யோகம் லாம்புக்கு முன்னால் குந்தியிருந்தார். “லாம்பு எரிஞ்ச வீட்டுக்குத்தான் அண்ணன் வாகனத்தில வந்தவங்க” என்றார்.

யார் வந்தார்கள், யாருக்காக என்று நான் கேட்கவில்லை. கொண்டுபோனது யாரை என்று மாலா மறுநாள் பஸ் தரிப்பிடத்தில் ஒரு சொல்லில் சொன்னார்: தம்பி.

லாம்பைச் சுற்றித் தகரம் அடைத்து, வெளிச்சம் வெளியே தெரியாமல் செய்து தருகிறேன் என்றேன். யோகம் தலையாட்டினார். பிறகு, “தகரம் அடிங்க. ஆனா அது காணாது. என்ட கைக்குத் தகரம் தெரியாதே” என்றார். அவரே வழியும் சொன்னார். “அந்தத் திருகியக் கழட்டி மாலாட்டக் குடுங்க. பொழுதுபட்டா என்னட்ட வேணாம்.”

அப்படியே செய்தோம். திருகி இல்லாமல் திரியை அசைக்க முடியாது. அன்றிலிருந்து மாலா காலையில் வந்து திருகியைப் பூட்டி, திரியை வெட்டி, அளவு பார்த்து, பின்னேரம் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். ஒன்றிரண்டு மாலைகளில் யோகம் வெறும் தண்டைத் தடவிக்கொண்டு நின்றதைக் கண்டதாக மாலா சொன்னார்.

குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாள் திட்ட அலுவலரின் வாகனத்தில் பாஸும் நானும் போனோம். அலுவலர் யாழ்ப்பாணத்து இளைஞர், கெட்டவர் அல்ல. பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு முட்டையிலும் கீறல் இல்லை. வாசலில் பங்கு போட்ட பெண்கள் நின்றார்கள்.

“இண்டைக்கு இருபத்தொண்டு” என்றார் அலுவலர். “மற்றக் கிராமத்தில ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம். எனக்கும் மேல இருக்கிறவைக்கு நான் பதில் சொல்ல வேணும். பெட்டிய ஏத்துவம் பாஸ்.”

யோகம் பெட்டியின் மீது கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு பேசினில வெதுவெதுப்பாத் தண்ணி எடுங்க மேன்” என்றார் பாஸ், பொதுவாக எல்லோரிடமும்.

தண்ணீர் வந்தது. முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். பேசினைத் தரையில் வைத்து, ஒருவரும் நடக்க வேண்டாம் என்றார். தண்ணீர் அசைவற்று நிற்கும் வரை காத்திருந்தார். பிறகு ஆறு முட்டைகளை ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் விட்டார். அவை மிதந்தன. ஒன்றும் நடக்கவில்லை. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஒரு முட்டை துடித்தது. தூண்டில் மிதப்பை மீன் தொடுவதுபோல ஒரு சிறு வெட்டு. தண்ணீரில் வட்டம் விரிந்தது. பிறகு இன்னொன்று. ஆறில் நான்கு ஆடின, இரண்டு சும்மா கிடந்தன.

“இது... உள்ளுக்குக் குஞ்சு உயிரோட நிக்குதோ?” என்றார் அலுவலர்.

“குளிர் பிடிச்ச முட்டை மேன். சுணங்கும். சூடு பிடிச்சிருந்தா இப்ப நாறியிருக்கும்.”

அலுவலர் பேசினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். சற்று நேரம் பார்த்தார். “மூண்டு நாள் தாறன்” என்றார். “அதுக்குமேல என்னைக் கேக்காதேங்கோ.”

மூன்றாம் நாள் நான் மட்டும் போனேன். பாஸுக்கு உடம்பு சரியில்லை. பஸ்சால் இறங்கி நடக்கும்போதே இராணுவ முகாம் பக்கம் வெடிச் சத்தம் தொடங்கியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பிறகுதான் அது பட்டாசு என்று தெரிந்தது. யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னதாக மாலா வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

குடிசைக்குள் யோகம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி முழுக்கக் கீச்சுச் சத்தம். பாதிக்குச் சற்று மேல் பொரித்திருந்தன. சில ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன. இரண்டுக்குக் கால் நிற்கவில்லை. ஈரம் காய்ந்தவற்றை எடுத்து யோகம் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு பிரித்து அட்டைப்பெட்டிகளில் விட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை இனி எடுக்கமாட்டார்கள் என்று சொன்னேன். தலையாட்டினார்.

“சண்டை முடிஞ்சிதாம்” என்றார் மாலா.

“ஓ” என்றார் யோகம். ஒரு குஞ்சின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை பொரித்து முடிந்தால் லாம்பை அணைத்து, பெட்டியைக் கழுவி, வெயிலில் காயவிட வேண்டும். மாலா சேலைத் தலைப்பை அவிழ்த்துத் திருகியைத் தந்தார். நான் அதைத் தண்டில் பூட்டினேன்.

“இனி லாம்ப நூக்கலாம் யோகம்” என்றேன்.

யோகம் எழுந்து லாம்படிக்கு வந்தார். குனியவில்லை. வீதிப் பக்கம் காது கொடுத்தார். பட்டாசு ஓய்ந்திருந்தது. லொறிச் சத்தமும் இல்லை.

“ஒண்டும் வரல்லியே அண்ணன்” என்றார். “மறுகா ஏன் நூக்கிற?”

கழுவத்தான் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அப்ப நீங்களே நூத்துடுங்க.”

நான் குனிந்து திரியை இறக்கி, சிமினிக்கு மேலே ஊதினேன்.